மகன் வந்த நீல எழுத்து

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு மலையாள மண்ணில், சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்க வந்தவன் நான். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் அதே தெருவில், அரிசி மண்டிக்கு மேல்மாடியில், ஏசி போட்டு பிரௌசிங் சென்டர் திறந்தேன். அன்றைக்கு அந்தத் தெருவில் அப்படிச் செய்த தமிழன் என்னைத் தவிர வேறு யார்? சவால் விட்டே சொல்வேன்.

சில வருஷத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் வைரஸ் பிடித்துப் படுத்தன. பழுது பார்க்க வரும் கழக்கூட்டத்து இன்ஜினியர், "அண்ணாச்சி, நெட் பாக்க வேற சாஃப்ட்வேர் உண்டு. ஃப்ரீயாக்கும். ஸ்பீடும் கூடுதல்" என்றார். நல்ல சரக்கு சும்மா கிடைத்தால் விடுவேனா? ஒரு சனிக்கிழமை எல்லாப் பெட்டியிலும் அதைப் போட்டு, நெட் திறக்க எல்லோரும் அமுக்கும் பழைய நீல 'e' எழுத்துப் படத்தைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாறசாலைப் பக்கத்து அக்கா ஒருவர் சர்ச் முடிந்து பஸ் ஏறி வருவார். துபாயில் இருக்கும் மகன் வாராவாரம் மெயிலில் தன் போட்டோ அனுப்புவான். புறப்படும் முன் அவனே அம்மாவை என் சென்டரில் உட்காரவைத்து, நீல எழுத்தை அமுக்குவதிலிருந்து போட்டோ விரிவதுவரை விரலைப் பிடித்துப் பழக்கியிருந்தான்.

புதுசு போட்ட மறுநாள் அக்கா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீலமா ஒண்ணு இருக்குமே. எங்க?"

"அத மாத்தியாச்சு அக்கா. இது அதவிட நல்லது. தள்ளுங்க, நான் தொறந்து தாரேன்."

"வேண்டாம். நீரு பெரிய முதலாளி, எதயும் மாத்துவீரு. எனக்குத் தெரிஞ்சது எனக்க மோன் காட்டித் தந்த ஒரு வழிதான். ஆள வச்சுத் தொறக்கவா இவ்வளவு தூரம் வாறேன்?"

பையை எடுத்துக்கொண்டு, மகனைப் பார்க்காமலே படியிறங்கிவிட்டார்.

அந்த வாரம் காலேஜ் வாத்தியார் ஒருவர்கூடத் திரையைப் பார்த்து, "நெட் போயோ?" என்று கேட்டார். படித்தவருக்கும் அந்தப் படம்தான் இன்டர்நெட். சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. முதன்முதலில் எந்த வழியாக வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தோமோ, அதை விட மனசு வருமா? மூட்டை சுமக்க வந்த நாளில் டீ குடித்த கடையை நானே இன்றுவரை மாற்றவில்லை.

இன்ஜினியரைக் கூப்பிட்டேன். "புதுசே இருக்கட்டும். அதுக்குப் பழைய படத்த, பழைய இடத்துல வைக்க முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி. பக்ஷே அது ஏமாத்து வேலையில்லையா?"

"முதலாளி மாறியும் போர்டு மாறாத கடை இந்தத் தெருவில எத்தன கெடக்கு. வையும்."

அடுத்த ஞாயிறு முழுக்க என் கண் படியிலேயே இருந்தது. அக்கா வந்தார்.

"பழசு வந்துட்டா?"

"அதே இடத்துல இருக்கு, பாருங்க."

நீலத்தை அமுக்கினார். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தலை, கழுத்து, சட்டை என்று எப்போதும் துண்டு துண்டாக இறங்கிவரும் மகன், அன்று ஒரே மூச்சில் முழுதாக வந்து நின்றான்.

"கண்டீரா அண்ணாச்சி. இண்ணைக்கு எனக்க மோன் ஓடி வந்துட்டான்."

என் பெருமையைச் சொல்ல நான் எங்கும் கூச்சப்பட்டதில்லை. அந்த ஓட்டம் நான் போட்ட புது சாஃப்ட்வேர் தந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா திரையில் மகனின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.