கிழக்குச் சுவரின் கோணல் சன்னல்

“…அள்ளிக் குளத்துல கொண்டு போடுலே எல்லாத்தையும்! ஒரு கேடு கண்டாலும் அறை நெல்லுக்குத்தான்னு அன்னைக்கே சொன்னேன்லா, கேட்டியா?”

எங்கள் பெரியப்பா முற்றத்து மதில் ஓரம் நின்று இப்படிக் கத்தியது ஓர் ஆடி மாதத்து மத்தியானம். முற்றம் முழுக்கப் பனம்பாய் விரித்து அண்ணனுடைய புத்தகங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மேற்கே மலை கறுத்துவிட்டிருந்தது. இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. துக்கத்துக்கு வந்திருந்த உறவின்முறையார் பலரும் அண்ணனுடைய புத்தக அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “அறை நல்லாத்தான் இருக்கு, அந்தக் கிழக்குச் சன்னல் ஏன் இப்படிக் கோணலா இருக்கு? ஆசாரி குடிச்சிருந்தாரோ?” என்று என்னிடம் கேட்டார்கள். அழுகைக்கு நடுவே பதில் சொல்ல முடியவில்லை. இந்த நினைவு மலரில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா இன்னும் கம்பூன்றி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். இதை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஏசினால் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது களியக்காவிளையில், அம்மாவைப் பெற்ற வீட்டில். அங்கேயே தவழ்ந்து நடந்ததால் பேச்சில் கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டது. தோவாளைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகும் அது போகவில்லை. அண்ணன் ஏதாவது கேட்டால், “முதல்ல தமிழ்ல கேளுடே, பொறவு தாறேன்” என்று பெரியப்பா கேலி பண்ணுவார். கேலி பண்ணினாலும் எங்களை வளர்த்தவர் அவர்தான். அப்பா காலமானபோது நான் கைப்பிள்ளை. வீட்டின் வடபாதி பெரியப்பாவுக்கு, தென்பாதி எங்களுக்கு, நடுவில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக நெல் போட்டு வைக்கும் பத்தாயப்புரை. இப்படித்தான் எங்கள் இருப்பு.

அண்ணன் சுபாவமே பயம். கோழைத்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னிடம் இருக்கும் பொருளுக்கு என்ன கேடு வருமோ என்று முந்திக்கொண்டு நினைக்கிற பயம். காலையில் எழுந்ததும் மேகத்தைப் பார்ப்பார். ஓட்டைப் பார்ப்பார். அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பார். “இவிய மேகத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் பல்லே தேய்ப்பாவ” என்பார் அண்ணன் மனைவி, என் மதினி. அம்மா மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். “பயந்தவன் வீட்டுக் கூரை ஒழுகாது” என்று ஒரு சொல் வைத்திருந்தாள்.

அந்தப் பயத்தை முற்றவைத்தது மலை. கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அண்ணன் சில வருஷம் கணக்கெழுதினார். பேச்சுத்துணை இல்லாத இடம். நாகர்கோயிலுக்கு இறங்கும்போதெல்லாம் புத்தகம் வாங்கிக்கொண்டு ஏறுவார். வைத்தியம், சோதிடம், நாவல், பூகோளம், அட்டை போன அகராதி, எது கிடைத்தாலும் சரி. ஒரு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது மேல் அட்டை மட்டும் இருந்தது, உள்ளே கறையான் கட்டிய மண். “தொட்டேன் பிள்ளே, பொடிஞ்சு போச்சு. ஒரு ஆளோட சாம்பலைத் தொட்ட மாதிரி இருந்தது” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மறுபடியும் வாங்கிச் சேர்த்தார். பிறகு மலைக்காய்ச்சல் கண்டு, வேலையை விட்டு, ஒரு மாட்டு வண்டியில் பெட்டிகளோடு இறங்கி வந்தார். வண்டியைவிட்டு இறங்கி நிற்கவே திராணி இல்லாத நிலையில் முதல் கேள்வி, “பெட்டியை எங்க இறக்கப் போறிய? தரையிலயா?”

தரையில் வைக்காமல் கட்டில்மேல் வைத்தோம். அண்ணன் கீழே படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கறையான் ஏறாத, எலி நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான். பத்தாயப்புரை. தடித்த சுவர், சன்னல் கிடையாது, தரைக்குமேல் கல்தூண் வைத்துப் பலகை பாவியது. மாசியில் அறுத்த கும்பப்பூ நெல்லில் முக்கால்வாசி விற்று, மிச்சத்தை வடபாதிக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணன் பல நாள் தயங்கி, ஒரு காலையில் போய்க் கேட்டார். நான் வாசலில் முறம் வைத்துக்கொண்டு புடைக்கிற பாவனையில் நின்றேன்.

“பெரியப்பா, பத்தாயப்புரை இப்ப சும்மாத்தானே கிடக்கு…”

“சும்மா கெடக்கா? ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல வயிறும் சும்மாத்தான் கெடக்கு. அதுலயும் கடலாசை அடைப்பியா?”

காகிதத்துக்கு எங்கள் பக்கம் கடலாசு என்பார்கள். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்ற நிலையில் உடம்பு நடுங்கியது, காய்ச்சல் நடுக்கம். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கன்னிப்பூ அறுப்பு வரைக்கும் தாறேன். எலியோ கறையானோ ஈரமோ, கேடுன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டா அன்னைக்கே அறை நெல்லுக்கு. ஒண்ணும் இல்லன்னா, நெல்லை நான் வடக்க போட்டுக்கிடுவேன், அறை உனக்கு. செரிதானா?”

அறுப்பு ஆவணியில். அதுவரைக்கும் அண்ணன் சரியாகத் தூங்கினதாக எனக்கு நினைவில்லை.

அறையை அமைக்கும் வேலை தொடங்கியது. கரிக்கட்டையால் தரையிலே கோடு போட்டு, எந்தத் தட்டு எவ்வளவு உயரம் என்று அண்ணனே வரைந்தார். அயனிப் பலகையில் தட்டுகள். அலமாரிக்குக் கதவு வைத்தால் இடுக்கு விழும் என்று, பத்தாயத்துக்கு இருக்கிற மாதிரியே இரண்டு பக்கமும் காடி வெட்டி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் செருகுகிற நிரைப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தேன்மெழுகு. உள்ளே வேப்பிலையும் நொச்சியும் வசம்பும். தூண்களைச் சுற்றி எறும்பு ஏறாமல் தண்ணீர். தீக்குப் பயந்து விளக்கு உள்ளே வரக்கூடாது என்று சட்டம். அதனால் வாசிக்க வேண்டுமென்றால், பலகையை ஒவ்வொன்றாக உருவி, புத்தகத்தை எடுத்து, பலகையைத் திரும்பச் செருகி, வாசற்படிக்கு வந்து உட்கார வேண்டும்.

“வாசிக்க முடியாத புத்தக அறை திருவிதாங்கூர் சீமையிலேயே இது ஒண்ணுதான்” என்றார் மதினி.

“காத்து புகுந்தாத்தானே கேடு புகும்” என்றார் அண்ணன்.

அந்த வாசற்படியில்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் போனவள் அல்ல. தூசி தட்டுகிற சாக்கில் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, இது என்ன, அது என்ன என்று அண்ணனை நச்சரித்து வந்தது.

ஆனி கழிந்து சாரல் பிடித்தது. ஒருநாள் பலகையை உருவினேன். பழம்புளிப் பானையைத் திறந்தது போல ஒரு வாடை. புத்தகங்களின் முதுகெல்லாம் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. சத்தம் போடாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர், விரலால் தொட்டு, முகர்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏட்டி, கதவைச் சாத்து.”

சாத்தினேன்.

“மலை ஈரத்தையும் சேத்துல்லா உள்ள வச்சு அடைச்சிருக்கேன். நெல்லுன்னா காயப்போடாம உள்ள விடுவோமா? நெல்லுக்குத் தெரிஞ்ச புத்தி புத்தகத்துக்குப் போகலையே.”

அதுதான் நடந்தது. நெல்லைக் காக்கிற வழி அத்தனையும் செய்தவர், நெல்லுக்கு முதலில் செய்கிற காரியத்தை விட்டுவிட்டார். எங்களைப் போல நெல்லோடு பிறந்து நெல்லோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். களத்தில் காயப்போடுவது வேறு ஒருவர் பாடு, பத்தாயம் நம் பாடு என்று பழகிவிட்டோம்.

இனி என்ன வழி? வெயிலில் போட்டால்தான் பிழைக்கும். வெயில் விழுகிற இடம் முற்றம் ஒன்றுதான். முற்றம் பெரியப்பாவின் கண்ணுக்கு நேரே. போட்டால் அறை போகும், போடாவிட்டால் புத்தகம் போகும். அண்ணன் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இரவில் எழுந்து போய்ப் பலகைமேல் காது வைத்துப் படுத்திருப்பாராம், பூசணம் வளர்கிற சத்தம் கேட்கிற மாதிரி.

பெரியப்பாவுக்கு நாகர்கோயில் கோர்ட்டில் ஒரு வயல் வழக்கு இருந்தது. வாய்தாவுக்குப் போனால் அந்திக்குத்தான் திரும்புவார். அந்த நாளுக்காகக் காத்திருந்தோம். அன்று காலையில் சாரல் விட்டு நல்ல வெயில். பெரியப்பா குடையோடு தெருமுனை திரும்பியதும் பாய் விரித்தோம். அம்மா, மதினி, நான், அண்ணன் நாலு பேரும் சுமந்து வந்து பரப்பினோம். நெல்லானால் காலால் கிளறிவிட்டு நடந்துவிடலாம். இதை ஏடு ஏடாகக் கையால் புரட்ட வேண்டும். முழங்கால் தேயத் தேயப் புரட்டினோம். அண்ணன் ஒரு கண் மேகத்தில், ஒரு கண் தெருவில்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களில் பலருக்குத் தெரியும். காய்கிற நெல்லில் மழை விழப் போகிறது என்று ஒருவர் குரல் கொடுத்தால், யார் நெல் என்று கேட்க மாட்டார்கள். பேச்சு நின்றுபோன வீட்டாரும் ஓடிவந்து அள்ளுவார்கள். “காயுற நெல்லுக்குப் பகையாளி கிடையாது” என்பது பெரியப்பாவே அடிக்கடி சொல்லுகிற சொல். ஆனால் இது நெல் அல்லவே. கடலாசுக்கு யார் வருவார்? குரல் கொடுக்கத்தான் முடியுமா? குரல் கொடுத்தால் ஊரே பார்க்கும், பூசணத்தை.

வாய்தா தள்ளிப்போய், பெரியப்பா மத்தியானமே திரும்பிவிட்டார். மதில் ஓரம் நின்றார். பாய்களைப் பார்த்தார். குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்தார். அதன்பிறகு சொன்னதுதான் முதலில் எழுதியிருக்கிறேனே, அது.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மலர் என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அண்ணன் அந்த அறையை வைத்துப் பத்து வருஷத்துக்குமேல் ஊருக்குப் புத்தகம் கொடுத்தார். கொடுக்கும்போது, “மழையில கொண்டு போகாதே, அடுப்புப் பக்கம் வைக்காதே, பிள்ளை கையில கொடுக்காதே” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பார். ஒருவரிடமும் கடுஞ்சொல் பேசினதில்லை. மலைக்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. போன ஐப்பசியில் வந்தது இறங்கவில்லை. கடைசி நாட்களில் அவர் கட்டிலை அந்த அறையிலேயே போட்டோம். நினைவு தப்பித் தப்பி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி, “சன்னல் திறந்திருக்கா?” திறந்திருக்கு அண்ணே என்பேன். “சாரல் அடிக்குமே” என்பார். சாத்தட்டுமா என்றால், “சாத்தாண்டாம், மூச்சு முட்டும் அதுகளுக்கு” என்பார். ஒரு விடியற்காலையில், கிழக்கு வெளுக்கும்போது, கேட்க வாய் திறந்தவர் கேட்காமலே போய்விட்டார்.

காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துத் தந்த வைத்தியர் ஐயாவுக்கும், மழையில் வந்து பார்த்த மிஷன் ஆஸ்பத்திரி டாக்டருக்கும், பக்கத்தில் இருந்து எங்களைச் சாப்பிட வைத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாங்கிக்கொண்டு போன புத்தகங்களைச் செய்தி கேட்டுத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை மறக்க மாட்டோம். இனயத்திலிருந்து ஒருவர், கடல்காற்று படாமல் புதுத்துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். “அவிய சொன்னபடிதான் வச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு அழுதார். இன்னும் கொண்டுவராதவர்கள் இருக்கிறீர்கள். அண்ணனுக்குக் கவலை. கொண்டுவாருங்கள்.

சரி, முற்றத்துக்கு வருகிறேன்.

பெரியப்பா கத்தினார். அண்ணன் கையில் ஒரு புத்தகத்தோடு எழுந்து நின்றார். அந்த நேரம் அட்டைமேல் ஒரு துளி விழுந்தது. பாயில் ஒன்று, அம்மாவின் கைமேல் ஒன்று. அண்ணன் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தார்.

பெரியப்பா மேற்கே திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த நேரியலை உருவிப் பக்கத்துப் பாய்மேல் விரித்தார். குடையை விரித்து இன்னொரு பாய்மேல் கவிழ்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார்:

“ஓடிவாருங்கடே! காயப்போட்டது நனையுது!”

வந்தார்கள். நெல் என்று நினைத்துக் கடவப்பெட்டியும் முறமும் எடுத்து வந்தவர்கள், புத்தகத்தைக் கண்டு ஒரு நொடி முழித்துவிட்டு, அதிலேயே அள்ளினார்கள். “என்ன எளவுடே இது, உமி இல்லாத நெல்லு!” என்று ஒருவர் சிரித்தது கேட்டது. மழை கொட்டத் தொடங்குமுன் பாய்கள் வெறுமையாகிவிட்டன. கடைசிக் கட்டைச் சுமந்துகொண்டு பெரியப்பாவே அறைக்குள் போனார். கொடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் உள்ளே நுழைகிறார். நிரைப்பலகைகளைப் பார்த்தார். மெழுகைப் பார்த்தார். இருமினார். வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை.

அண்ணன் இரண்டு கையையும் விரித்து அலமாரிமேல் சாய்ந்துகொண்டார். “பெரியப்பா, வேண்டாம். நாளைக்கே காலி பண்ணிடுதேன். பலகையை உடைக்காதீங்கோ.”

“மாறுலே” என்றார் பெரியப்பா. அண்ணனைத் தாண்டிப் போய், சாரல் அடிக்காத கிழக்குச் சுவரில், தன் அப்பா கட்டிய சுவரில், அளவும் பார்க்காமல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.