ராகிக் கொல்லையில் நின்ற ரோடு இன்ஜின்

ஒசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் பாய்லர் பார்க்கிறேன். அதற்கான அரசுப் பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கியவன், இருபத்தாறு வருடமாக அதே வேலை. நீராவி தேவையான இடத்துக்குத் தேவையான அழுத்தத்தில் போய்ச் சேரவேண்டும், நடுவில் எதுவும் வெடிக்கக்கூடாது. அவ்வளவுதான் என் தொழில். ஒரு நாள் மதிய ஷிப்டுக்கு உள்ளே நுழையும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"பாய்லர் சாருங்களா? உங்க நம்பரை ஒசூரு லேத்துக்கார அம்மா குடுத்தாங்க. நம்ம கொல்லையில எங்க தாத்தா காலத்து ரோடு இன்ஜின் ஒண்ணு கெடக்குதுங்க சார். நீராவியில ஓடுறது, ரோடு அமுக்குற உருளை. நீங்க ஒருதரம் வந்து பாத்துச் சொல்லணும், அது ஓடுமா ஓடாதான்னு."

எந்த ஊர் என்று கேட்டேன். ஜவளகிரிக்கு இந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு ஊரைச் சொன்னார். நான் பிறந்த ஊர். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு உழைத்தது அவருடைய குடும்ப நிலத்தில்தான். அதை நான் போனில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தளி வழியாகப் பைக்கில் போய் இறங்கினேன். கொல்லை ஓரத்தில் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், வெள்ளைச் சட்டை, கையில் தோட்டத்துச் சாவிக்கொத்து. நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ கீழ்த்தெருவுல இருந்தவன் மவன்தானே?"

"ஆமாங்க."

"அட, நீதானா அது! சரி, வா வா."

போனில் இருந்த 'சார்', 'நீங்க' எல்லாம் அந்த வரப்போடு நின்றுபோயின. அவர் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகப் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. இப்படி ஆகும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் சுருக்கென்றது.

அதற்குள் இன்ஜின் கண்ணில் பட்டுவிட்டது.

ராகி அறுத்த கொல்லையின் நடுவில், ஒரு புங்க மரத்தடியில் நின்றது. முன்னால் இருந்த பெரிய இரும்பு உருளை பாதி மண்ணுக்குள் போயிருந்தது. புகைபோக்கிக்குள் குளவிக் கூடு. நெருப்புப் பெட்டியைத் திறந்தால் ஒரு பாம்புச் சட்டை. ஆனால் தகடுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது சத்தம் நன்றாக இருந்தது. துருப்பிடித்துக் கரைந்த தகடு மண்சட்டி மாதிரி மொத்தென்று பேசும். இது கணீரென்று பேசியது.

அந்தக் கொல்லையை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். சுற்றுச்சுவர் எழுப்புவதற்குள் இன்ஜினை எடுத்தாகவேண்டும். கிரேன்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். நிலக்காரருடைய தாத்தா ரோடு கான்டிராக்டர். சிறு வயதில் இந்த இன்ஜின்மேல் உட்கார்ந்து தளி வரை போனதை அவர் இரண்டு முறை சொன்னார்.

"வெட்டுறதுக்கு மனசு வரல. தானா நடந்து நம்ம மாந்தோப்பு வரைக்கும் வந்துட்டா போதும். ஒண்ணரை கிலோமீட்டருதான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அவரையைக் கொட்டித் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதை எதுக்குடா எழுப்புற?" என்றாள். "அது குடிக்கிற தண்ணிக்கு அளவே கெடையாது."

அவள் சின்னப் பெண்ணாக ரோடு வேலைக்குப் போனவள் என்பது எனக்குத் தெரியும். அந்த இன்ஜினுக்குத் தண்ணீர் சுமந்தவள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வார விடுமுறை நாட்களில் வேலையைத் தொடங்கினேன். முதலில் பாய்லருக்குள் படிந்திருந்த உப்புப் படிவத்தை வெட்டி எடுத்தேன். கூடை கூடையாக வந்தது. நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் இற்றுப் போயிருந்தன. ஒவ்வொன்றாக உருவிப் புதுக் குழாய் போட்டேன். நான் போகும் நாளெல்லாம் நிலக்காரர் வந்து நிற்பார். நின்று பார்ப்பதோடு சரி.

உதிரிகள் எங்கேயும் கிடைக்காது. எல்லாவற்றையும் லேத்துக்கார அம்மாவே கடைந்து கொடுத்தார். சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒசூருக்கு வந்து சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் கம்பெனிக்கும் வால்வு வேலை செய்து தருவார். தண்டு உள்ளே சுழலும் பழைய பித்தளைப் புஷ் ஒன்றைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதச் செஞ்சவன் கைய ஒருதடவ பாக்கணும் அண்ணாச்சி. தேஞ்சும் வட்டம் மாறல பாத்தீகளா? நாளான்னைக்கு வாங்க, அச்சு அசலா கடைஞ்சு தாரேன்."

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தேன். பாய்லரைப் பச்சைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. தண்ணீரில் சோதித்தால், பலவீனமான இடம் இருந்தாலும் ஒழுகுவதோடு போகும். அதே இடம் நீராவியில் விட்டால் பக்கத்தில் இருப்பவன் மிஞ்சமாட்டான். நூறு பவுண்டில் ஓட்டுவதாகத் திட்டம், நூற்றைம்பது ஏற்றவேண்டும். நூற்றுப் பத்தில் நெருப்புப் பெட்டியின் பக்கச் சுவரில் தண்ணீர் கசிந்தது. உள்சுவரையும் வெளிச்சுவரையும் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளில் ஒன்று உள்ளேயே முறிந்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு.

"இந்த வரிசை முழுக்க மாத்தணும்ங்க" என்றேன். "பதினோரு கம்பி. ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா? அடுத்த வாரம் சுவருக்கு மார்க் பண்ண வராங்கப்பா. ஒழுகுற எடத்துல எம்-சீல் வெச்சு அடைச்சிரு. ஒண்ணரை கிலோமீட்டருதானே."

"அதெல்லாம் முடியாதுங்க. பாய்லர் அதிகாரி வந்து பாத்து எழுதிக் குடுக்காம நெருப்பே மூட்டக்கூடாது."

"இங்க யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"நான் பாக்கறேனே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாவிக்கொத்தை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கப்பனா இருந்தா சொன்னதைச் செஞ்சிட்டுப் போயிருப்பான்."

நான் ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பாய்லரிலிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டேன், அப்படியே விட்டால் துருப்பிடிக்கும் என்பதால். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்பதுதான் உறுத்திக்கொண்டே வந்தது. அப்பா செய்திருப்பார். செய்யமாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு வழியும் இருந்ததில்லை.

மூன்று வாரம் நான் போகவில்லை. நான்காவது ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றது. லேத்துப் பட்டறையில் முகவரி வாங்கியிருக்கிறார். கையில் ஒரு பை ரோஜா, அவருடைய பசுமைக்குடிலில் பூத்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். எழுபத்தைந்து வயதில், முட்டிவலியோடு, சட்டென்று. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "உக்காரும்மா" என்றேன். அவள் உட்காரவில்லை.

அவர்தான் சொன்னார். "உக்காருங்கம்மா. நீங்க நின்னா நானும் நிக்கணும்."

அவள் உட்கார்ந்தாள். அவரும் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் குடும்பத்தில் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அவர் டம்ளரை எடுத்து, சூடு ஆறும் முன்பே குடித்து முடித்தார்.

"அன்னிக்கு நான் பேசுனது தப்பு" என்றார் என்னைப் பார்த்து. "கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டேன். அந்தப் பக்கத்துச் சுவரைக் கடைசியா கட்டிக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க."

அதற்குள் அம்மா பேச ஆரம்பித்தாள்.

"நீங்க அதும்மேல குந்திக்கிட்டுப் போவீங்க சாமி. கால்சட்டை போட்ட வயசு. நாங்க நாலு பேரு கெணத்துல இருந்து தண்ணி தூக்கியாந்து ஊத்துவோம். நெருப்பு மூட்டுறதுக்கு முன்ன இருவது கொடம். அது நகர ஆரம்பிச்சதும் பின்னாடியே ஓடணும். ஒரு நாளு எனக்குக் காய்ச்சல். கொடம் தவறி ஒடைஞ்சி போச்சி. உங்க தாத்தா என்னா சொன்னாருன்னு... வேணாம் விடுங்க."

அவர் காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி எங்க இருந்து வருதுன்னு எனக்கு நெனப்பே இல்லீங்கம்மா" என்றார் கடைசியில். "எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் இருக்குது."

அடுத்த ஞாயிறு நான் போனேன். அம்மாதான் போகச் சொன்னாள். அந்த ஞாயிறு முதல் அவர் வெறுமனே நின்று பார்க்கவில்லை. முறிந்த கம்பிகளை நான் துளையிட்டு எடுக்கும்போது நெருப்புப் பெட்டிக்கு வெளியே குந்தி விளக்குப் பிடித்தார். கம்பிகள் பதினொன்றும் லேத்திலிருந்து வந்தன. ஒவ்வொன்றையும் மரை ஏற்றித் திருகி, இரு பக்கமும் தலையை அடித்துப் பரப்பவேண்டும். நான் உள்ளே படுத்து அடிக்க, அவர் வெளியே கனமான இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடித்தார். கையில் கொப்புளம் வந்தது. அவர் அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தார். என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டார். அது மாறவில்லை. எனக்கும் அது பழகிவிட்டது.

பாய்லர் ஆய்வு அதிகாரி வந்தார். நூற்றைம்பது பவுண்டில் அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றது. அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கம்பியையும் பார்த்துவிட்டு, நூறு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தார்.

அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் ராகி மறுபடி அறுவடையாகியிருந்த பருவம். நான், நிலக்காரர், லேத்துக்கார அம்மா, என் அம்மா, நான்கு பேரும் காலையிலேயே கூடினோம். போர்வெல் மோட்டாரைப் போட்டு ஹோஸில் தண்ணீர் நிரப்பினோம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த கருவேல விறகில் சின்னதாக நெருப்பு வைத்தேன். குளிர்ந்த பாய்லரை அவசரப்படுத்தக்கூடாது, தகடுகள் மெதுவாகத்தான் விரியவேண்டும். மூன்று மணி நேரம் கழித்து முள் அசைந்தது. இருபது, நாற்பது, எழுபது. தொண்ணூற்றெட்டில் பாதுகாப்பு வால்வு சீறித் திறந்து மூடியது. லேத்துக்கார அம்மா கை தட்டினார்.

விசிலையும் சரிசெய்து வைத்திருந்தோம். நிலக்காரர் அதன் சங்கிலியில் கை வைக்கும்போது வனத்துறை வாட்சர் போன் செய்தார். யானைக் கூட்டம் ஏரிக்கரை ஓரம் நிற்கிறது, பட்டாசு, மேளம் எதுவும் வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நிலக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். அவர் சங்கிலியை விட்டுவிட்டார்.

உருளையைச் சுற்றி மண்ணை முன்பே வெட்டிச் சரிவு அமைத்திருந்தோம். அவர் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்தார். நான் நீராவியைக் கொஞ்சமாகத் திறந்தேன். பெரிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது, நின்றது, பிறகு திரும்பச் சுற்றத் தொடங்கியது. இன்ஜின் குழியிலிருந்து ஏறி வெளியே வந்தது. அவர் முகத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எடுத்தால் ஸ்டீயரிங் திரும்பிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

அம்மா பக்கத்தில் நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இவ்ளோ மெதுவாவாடா போவும் இது? அப்ப எங்களுக்கு ஓடி ஓடி மூச்சு வாங்குச்சே."

மாந்தோப்பு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை நின்று தண்ணீர் நிரப்பினோம், டிராக்டர் டாங்கிலிருந்து. தோப்பில் நிறுத்தி, நெருப்பை இழுத்து வெளியே தள்ளினேன். அழுத்தம் இறங்கும்வரை விட்டுப் போகக்கூடாது. மாமர நிழலில் உட்கார்ந்து களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம்.

"நீ எழுதுன பாய்லர் பரீட்சை இருக்குதே," என்றார் நிலக்காரர், "நான் எழுத முடியுமா?"

"எழுதலாங்க. ஆனா அதுக்கு முன்ன, சர்ட்டிபிகேட் இருக்கிற ஒருத்தர்கிட்ட ரெண்டு வருசம் வேலை செஞ்சிருக்கணும்."

"யாருகிட்ட?"

நான் களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டேன். லேத்துக்கார அம்மாதான் முதலில் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நிலக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் சிரித்தார். பிறகு எழுந்துபோய்ச் சாம்பல் வாரும் நீளக் கம்பியை எடுத்தார்.

"எந்தப் பக்கம் இருந்து வாரணும்?" என்று கேட்டார்.

சொன்னேன்.