துணி போர்த்திய கீபோர்டு

லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் பூதத்தை அதட்டி, மிரட்டி, மூலையில் உட்கார வைத்து வேலை வாங்கக்கூடிய ஒரே மனுஷி இந்தப் பூமியில் வாலுவின் சித்திதான். அவள் செருமினால் பிரிண்டர்கள் எழுந்து நிற்கும். சூரியனே அவளைக் கேட்டுவிட்டுத்தான் உதிக்கிறது என்று வாலு பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாதிப் பேர் நம்பியும் விட்டார்கள்.

உண்மையில் சித்திக்கு இருந்தது ஒரே அறை. அதில் ஒரு பிரிண்டிங் கடை. ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், வேலை போனதும் யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைத்த லினக்ஸை ஏற்றி, தட்டுத்தடுமாறித் தானாகவே கற்றுக்கொண்டாள். ஒருமுறை ஏதோ இன்ஸ்டால் ஆகும்போது பூனை கீபோர்டில் நடந்து கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம்: இன்ஸ்டால் முடியும் வரை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் துணி போர்த்திவிடுவாள். அவளே கூடத் தொடமாட்டாள்.

அன்று காலை பழைய பிரிண்டர் மண்டையைப் போட்டிருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்னொன்றை இயக்கும் 'டிரைவர்' என்ற புரோகிராம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தி பேப்பர் கட்டு எடுக்க உள்ளே போன நேரத்தில் வாலுவின் கை ஊறியது. துணிக்குள் கையை விட்டு, ஒரு பட்டனைத் தட்டித் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் படமாக எடுத்தாள். படத்தைத் திரை முழுக்கப் பரப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். படத்தில் இன்ஸ்டால் பட்டை எழுபத்தெட்டு சதவீதம். இனி ஜென்மத்துக்கும் எழுபத்தெட்டுதான்.

ஐந்து நிமிஷம் அலறவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் டியூஷன் டீச்சர் வந்து நின்றார்.

"பசங்களுக்கு இன்னிக்கு டெஸ்ட். கொஸ்டின் பேப்பர் இப்ப வேணும். இல்லன்னா எதிர்க்கடைக்குப் போறேன். இனிமே எல்லா வேலையும் அங்கதான், கோச்சுக்காதீங்க."

டீச்சர் போனால் கடையின் பாதி வேலை போச்சு. சித்தி கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். பிரிண்டரை அணைத்துப் போட்டாள். இன்டர்நெட் பெட்டியைத் தட்டினாள். பட்டை அசையவில்லை. "பேப்பர் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனவள் திரும்பவில்லை.

வாலு எட்டிப் பார்த்தாள். பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால், மை துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் சித்தி. மூஞ்சி முழுக்கக் கறுப்பு. வேறு நாளாயிருந்தால் வாலு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. சித்தி அழுவாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஓடிவந்து துணியை விலக்கிப் படத்தை மூடினாள். பின்னால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. டிரைவர் ஏறும் கறுப்பு ஜன்னலில் ஒரு கேள்வி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது: நிபந்தனைகளுக்குச் சம்மதமா? படத்துக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் அது பதிலுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது! 'ஆம்' என்று தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. பிரிண்டர் இருமிவிட்டு ஒரு சோதனைத் தாளைத் துப்பியது.

"என்னடி பண்ணே?" சித்தி பாய்ந்து வந்தாள்.

"டிரைவர் தூங்கிட்டிருந்தாரு சித்தி. தட்டி எழுப்பினேன். எல்லாம் மூளை!"

டீச்சர் சூடான தாள்களோடு போனார். போகும்போது, "மூஞ்சியக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னார்.

சித்தி கழுவவில்லை. திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டி வாலு, அது எழுபத்தெட்டுல நின்னப்போ, இந்த மணியும் பத்து அஞ்சுலயே நின்னுச்சே?"

"அ... அப்படியா?"

"டிரைவர் நின்னா, கடிகாரம் ஏன்டி நிக்கும்?"

வாலு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். சித்தி கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து உதறி, வாலுவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அதைப் போர்த்தினாள்.

"பூனைக்குப் பயந்து இத்தனை நாளா தப்பான இடத்துல போர்த்தியிருக்கேன்."