அம்மா அமுக்கிப் பார்த்த பஞ்சு

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே மகள் எழுதுகிறேன்.

அம்மா ரிங்லெட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழுந்து பறித்தார். திருமணத்துக்குப் பின் பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, மழை நனைத்த சரிவில் கொழுந்து மூட்டையோடு அப்பா விழுந்து முதுகெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரம் அவருக்குப் படுக்கைப்புண் கண்டது.

மருந்து கட்ட வந்த செவிலி, நாங்கள் மிஸ்ஸி என்றழைப்பவர், "அக்கா, நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. மெத்தைதான் சரியில்ல. இப்படியே போனா புண்ணு எலும்பு வரைக்கும் போயிரும் லா. காத்து மெத்தைக்கு எழுதியிருக்கேன், வர நாளாகும்," என்றார்.

அம்மா அன்றே எங்கள் இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்தார். அப்பாவின் இடுப்பு அழுந்திய இடத்தில் பஞ்சு அடைபோல் இறுகிக் கிடந்தது. வெயிலில் உதறிப் போட்டால் எழும்பியது. அவர் படுத்ததும் முன்னைவிட அதிகமாக அமுங்கியது. கூடுதலாகத் திணித்தால் பலகையானது. ஹோட்டலில் கழித்த தலையணைகளைக் கேட்டு வாங்கிவந்தார். அந்த பாலியெஸ்டர் பஞ்சு நன்றாகத் திரும்பி எழும்பியது. ஆனால் பாரம் விழுந்ததும் ஓரத்துக்கு ஒதுங்கியது.

இரண்டு பஞ்சையும் கலந்து, சிறு பைகளில் வெவ்வேறு அளவில் அடைத்து, மேலே அரிசி மூட்டையை வைத்தார். எடுத்தபின் எவ்வளவு எழும்புகிறதென்று விரலால் அளந்தார். பத்து நாள் இதே வேலை.

"மொத அமுக்கத்துல பணிஞ்சு போயிருது. அதுக்கப்புறம்தான் முரண்டு பிடிக்குது. விட்டாலும் பழைய உயரம் வர்றதில்ல," என்றார். "இழைக்கு நடுவுல காத்து இருக்கணும்மா. அது போயிட்டா பஞ்சு இல்ல, கல்லு."

கடைசியில், கையால் பிரித்துவிட்ட கலப்புப் பஞ்சைத் தளர்வாக அடைத்த பைகளை வரிசையாக அடுக்கினார். அப்பாவைப் புரட்டும்போதெல்லாம் அமுங்கிய பையை உருவிவிட்டு, உதறி ஆறவைத்த பையைச் செருகினார்.

காற்று மெத்தை வந்து சேர்ந்தபோது புண்ணில் புதுத்தோல் படரத் தொடங்கியிருந்தது. மிஸ்ஸி வியந்தார்.

"யாருக்கா இத சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லுவா? அமுக்கி அமுக்கிப் பாத்தேன், அவ்வளவுதான்."

அடுத்த ஆண்டு அப்பா கைத்தடியோடு வாசல்வரை நடந்தார். அதன்பின் தொலைவிலுள்ள கம்போங் ராஜா ஊர்வரை, படுக்கையில் விழுந்தவர் யாரிருந்தாலும் அம்மா பைகளோடு போய்விடுவார்.

கடைசி மூன்று மாதம் அம்மாவே படுக்கையானார். பஞ்சை உதறிப் பைகளை மாற்றியவர் அப்பாதான்.

"இறுக்கி அடைக்காதீங்க."

"தெரியும்மா. நீ பேசாம படு."

அம்மா உடலில் ஒரு புண்கூட வரவில்லை.

வீட்டுக்கே வந்து கவனித்த மிஸ்ஸிக்கும், உணவு கொண்டுவந்த லயத்து மக்களுக்கும், எங்களைத் தாங்கிய உறவுகளுக்கும் தலைவணங்குகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யாராவது எழமுடியாமல் படுத்திருந்தால் தயங்காமல் சொல்லியனுப்புங்கள். அப்பா பஞ்சு பிரிப்பார், நான் தைத்துக் கொண்டுவருவேன்.