கற்பூரம் எரியும்போது வந்த விளம்பரம்

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில்தான் அந்தப் புது முருகன் ஆல்பத்தை முதலில் கேட்டேன். நான்காவது பாட்டில் அழுதுவிட்டேன். நாமெல்லாம் மகளுக்கு காலேஜ் சீட்டு, நமக்கு இன்கிரிமென்ட் என்று கேட்கத்தானே அவனிடம் போகிறோம். இந்தப் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, மலைமேல் நின்று நின்று கால் வலிக்கிறதா என்று அவனையே விசாரித்தது.

பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தொட்டு, ஏன் அழுகிறாய் என்று ஹைதராபாத் உருதுவில் கேட்டார். "கைக்கு ரோரே பாய்?"

"பாட்டு கேட்டேன்."

"அச்சா. லவ் ஃபெயிலியர்," என்று தலையாட்டிக்கொண்டார்.

எங்கள் குஷாய்குடா பஜனைக் கோஷ்டிக்குத் தலைவர், ஃபேக்டரியில் ரிடையர் ஆன ஒரு சார். இருபது பாட்டு வைத்திருக்கிறார். அதற்குமேல் முருகனுக்குத் தேவைப்படாது என்பது அவர் எண்ணம். இந்த ஒரு பாட்டை அவர் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. நான் மட்டும் அழுதால் அது என் பலவீனம். அவரும் அசைந்தால் அது பாட்டின் பெருமை.

வெள்ளிக்கிழமை பஜனை எங்கள் வீட்டில். "சார், தீபாராதனைக்குப் புதுசா ஒண்ணு போடட்டுமா?"

"செல்போன்லயா? சாமி முன்னாடி ரெக்கார்டு டான்ஸ்தான் பாக்கி," என்றார். "சரி, ஒண்ணே ஒண்ணு."

பாட்டு தொடங்கியது. கற்பூரம் ஏற்றினேன். சரியாகக் கால் வலிக்கிறதா என்று கேட்ட இடத்தில் விளம்பரம் வந்துவிட்டது. பஸ்ஸில் என்றால் விரலால் தள்ளிவிடுவேன். இப்போது ஒரு கையில் தட்டு, மறு கையில் மணி. ரோட்டை ஒட்டி பிளாட்டுகள், எல்லாம் வாஸ்துப்படி, இன்றே புக் செய்யுங்கள் என்று ஒரு பெண் தெலுங்கில் அழைத்தாள்.

"ஏங்க, அதை நிறுத்துங்க," என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி.

"கையில கற்பூரம் எரியுதுல்லா. நீ நிறுத்து."

"லாக் போட்டுல்லா வச்சிருக்கீங்க."

பாதியில் மணியை நிறுத்தக் கூடாது. வாஸ்துவுக்கும் சேர்த்து அடித்தேன். எதிர்வீட்டு அக்கா கண்ணைத் திறக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாட்டு மறுபடி வந்தபோது எல்லோரும் விபூதிக்கு நெருக்கியடித்தார்கள். சுண்டல் சாப்பிடும்போதாவது யாராவது பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்களா என்று பார்த்தேன்.

"அந்த பிளாட்டு எந்தப் பக்கமாம்?"

"ரிங் ரோடு தாண்டியிருக்கும். தண்ணி வருமான்னு கேக்கணும்."

ஏமாற்றத்தை ஒரு மாத்திரையைப் போல மனதுக்குள் விழுங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகும் சார் ஜால்ராவைப் பையில் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, கால் வலிக்குதான்னு கேட்டானே. அதுக்கு முருகன் என்ன சொன்னான்?"

"அது அடுத்த அடியில வரும் சார்."

"போடு."

அந்த இடத்திலிருந்து போட்டேன். தரையைப் பார்த்தபடியே கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "தாளம் லேசா இழுக்குது," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் நான் மறுத்துப் பேசவில்லை.