முந்தானையில் மாமனார்

சாவதற்குள் தன் நினைவாக எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை என் மாமனாருக்கு எழுபது வயதில் வந்தது. நாலு மரம் நட்டிருக்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம். அதெல்லாம் கஷ்டமாயிற்றே! ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி அவர். தன் முகத்தையே புடவையில் நெய்யச் சொல்லிவிட்டார்.

போட்டோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, டிசைன் போட்டு, தறியில் மாட்டும் அட்டையில் அதற்கேற்ற ஓட்டை அடித்து, முந்தானை முழுக்க அவர் முகம். மீசை அசல் ஜரிகை.

"நான் போனப்புறமும் இந்தப் பொடவ எம்பேரச் சொல்லும்" என்றார். அவர் இருக்கும்போதே அந்தப் பேரைச் சொல்ல ஊரில் ஆள் குறைவு.

எழுபதாம் கல்யாணத்தன்று மாமியார் அதைத்தான் கட்ட வேண்டியிருந்தது. பந்தியில் பரிமாற முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மூக்கும் பாதி மீசையும் மட்டும் வெளியே தெரிந்தன. உட்கார்ந்தால் முகத்தின் மேலேயே உட்கார வேண்டும். இத்தனை வருட வியாபாரத்தில் இது மாமனாருக்குத் தோன்றவே இல்லை. புடவை கட்டியவர்களில் அவர் நின்று பார்த்தது கடை பொம்மையை மட்டும்தான்.

அன்று சாயங்காலம் புடவையை மடித்துக்கொண்டே மாமியார் என்னிடம் சொன்னார்: "நான் செத்தா இத எம்மேல போத்த வருவாரு. உட்டுடாத மா. நாப்பத்தஞ்சு வருஷமா இந்த மூஞ்சியதான் பாத்துகினு கெடக்கறேன். போறப்பவாச்சும் என்னத் தனியா உடுங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இரண்டு வருடம் கழித்து மாமியார் போய்விட்டார். குளிப்பாட்டி முடித்ததும் மாமனார் பீரோவைத் திறந்து அதே புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"அத்த இது வேணாம்னு சொல்லிட்டாங்க மாமா."

"இன்னா சொன்னா? எப்ப சொன்னா?"

ஒரு வார்த்தை விடாமல் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மாமியார் ஆசையாகக் கட்டும் பச்சைப் புடவையை எடுத்துவந்து நானே போர்த்தினேன்.

மாமனார் கையிலிருந்த புடவையை விரித்துத் தன் முகத்தைப் பார்த்தார்.

"சரி, அப்ப இத எனக்காச்சும் போத்துங்க" என்றார்.

"கட்டாயம் மாமா" என்றேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொன்னதற்கு நான் மனதார ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.