கழுத்துக்கு ஒரு துண்டு

யாரும் எடுக்காத படத்துக்கு விமர்சனம் எழுதிய மடையன் நான். தாடிக்காரப் பொதுவுடைமைச் சிந்தனையாளர் செவ்வாய்க் கிரகத்தில் ரோபோக்களைக் கூட்டி, "உழைச்சது போக மிச்ச சார்ஜ் யாருக்கு?" என்று கேட்பதாகக் கேலி. உள்ளூர்ப் பத்திரிகையில் புனைபெயரில் வந்தது.

அந்த வாரமே பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். தோளில் சிவப்புத் துண்டு, புருவமெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. காதில் செருகிய பென்சிலை எடுத்து வரிவரியாக அடிக்கோடு போட்டார்.

"இத எழுதுனவரு நம்ம பக்கத்து ஆளாம். தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"கெடச்சா கழுத்துல துண்டு போடாம வுடப்போறதில்ல."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அரியலூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது அவரே சொன்னார்: "குவாரி சங்கத்துல, கூலி போக மிச்சம் மொதலாளிக்குப் போறத உபரி மதிப்புன்னு அஞ்சு வருசமா வகுப்பெடுக்குறேன், ஒருத்தருக்கும் ஏறல. மிச்ச சார்ஜுன்னு படிச்சுக் காட்டுனேன், புரிஞ்சுபோச்சு. மேடையில ஏத்தி அவருக்குத் துண்டு போத்தணுங்க."

"அவசியம் போத்துங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கேலி என்று தெரிந்துதான் கோடு போட்டாரா என்பது இன்றைக்கும் புரியவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்கதான் எழுதுனதுன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாருங்க."